கிராம சபைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு: ஊராட்சியிடம் வேலை வாங்குவது எப்படி?

நகரத்தை ஒட்டிய மனைப்பிரிவில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரிகிறது. முகவரியில் கோயம்புத்தூர், மதுரை என்று இருக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் விடுவதும், குப்பை எடுப்பதும், தெருவிளக்கு எரிய வைப்பதும் மாநகராட்சி அல்ல, பக்கத்தில் இருக்கும் கிராம ஊராட்சி. பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருக்கிற இளைஞர்களுக்கும் ஊராட்சி அலுவலகம் என்றால் பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடம்தான். இந்த இரண்டு தரப்புக்காகவும் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தமும், அதையொட்டி வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-உம் இவற்றுக்கு அதிகாரம் தந்தன. அந்த அதிகாரத்தில் ஒரு பங்கு தலைவரிடம் இல்லை, வாக்காளர்களிடம் இருக்கிறது. அதைக் கையில் எடுக்கும் இடம், அவர்கள் எல்லோரும் கூடிப் பேசும் கூட்டமான கிராம சபை. அங்கே சத்தமாகப் பேசியவர் வேலை வாங்கியதை விட, அளவும் இடமும் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைத்தவர் வேலை வாங்கியதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கீழே சொல்வதெல்லாம் அந்த எழுத்தை எப்படிப் பெறுவது என்பதைப் பற்றித்தான்.

முதல் படி: உங்கள் பெயர் எந்த ஊராட்சியில் இருக்கிறது?

கிராம சபையின் உறுப்பினர் என்றால் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர். அங்கே குடியிருந்தால் மட்டும் போதாது. இடம் மாறி வந்தவர்கள் படிவம் 8 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் படிவம் 6. பழைய ஊரிலேயே ஓட்டை வைத்துக்கொண்டு இங்கே வந்து கேள்வி கேட்டால், "உங்க ஓட்டு இங்க இல்லையே" என்ற ஒரே பதிலில் உட்கார வைத்துவிடுவார்கள்.

வீட்டு வரி ரசீதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஊராட்சியின் பெயர் இருக்கும். வரி போடப்படாத வீடாக இருந்தால் ஊராட்சிச் செயலரைப் பார்த்து வரி போடச் சொல்லுங்கள். வரி கட்டாமல் இருப்பது லாபம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஊராட்சிக்குக் கட்டுப்பாடில்லாமல் செலவழிக்கக் கிடைக்கும் கொஞ்சப் பணத்தில் வீட்டு வரி முக்கியமானது. உங்கள் தெரு விளக்குக்கான பல்பு அதிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாம் படி: எந்த வேலை யாருடையது?

நிறையப் பேர் இந்த இடத்தில்தான் சோர்ந்து போகிறார்கள். தவறான கதவைத் தட்டிவிட்டு, யாரும் எதுவும் செய்வதில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., ஊராட்சியின் ஆள் இல்லை. அவர் வருவாய்த்துறை. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, புறம்போக்கு எல்லை எல்லாம் அவர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். ஊராட்சியின் அன்றாட வேலையைப் பார்ப்பவர் ஊராட்சிச் செயலர். பல ஊர்களில் இன்னும் கிளார்க் என்றுதான் சொல்வார்கள். குழாய்த் தண்ணீருக்குத் தொட்டி இயக்குபவர், குப்பைக்குத் தூய்மைக் காவலர்கள். மேலே ஊராட்சி ஒன்றிய ஆபீஸ். அங்கே இரண்டு பி.டி.ஓ.க்கள், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர்கள், இருப்பார்கள்: ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, இன்னொருவர் கிராம ஊராட்சிகளுக்கு. உங்கள் மனு போக வேண்டியது இரண்டாமவரிடம். கவரில் "வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி)" என்று தெளிவாக எழுதுங்கள்.

தெருவிளக்கில் கம்பம் மின்வாரியத்துடையது, விளக்கு ஊராட்சியுடையது. விளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சி. கம்பம் சாய்ந்திருந்தால் மின்வாரியம். புதுக் கம்பம் வேண்டும் என்றால் ஊராட்சி தீர்மானம் போட்டு மின்வாரியத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

குடிநீரும் இப்படித்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டம் உள்ள ஊர்களில் ஆற்றிலிருந்து தண்ணீரைக் கொண்டுவந்து ஊரில் சேர்ப்பது குடிநீர் வடிகால் வாரியம். அதற்குப் பிறகு மேல்நிலைத் தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக் குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, தொட்டி நிறைந்தும் கடைசித் தெருவுக்கு வரவில்லையா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் கேட்க வேண்டிய ஆள் வேறு.

நீர்நிலைகளில் இன்னும் குழப்பம் உண்டு. நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி, கண்மாய் நீர்வளத் துறையிடம் இருக்கும். அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியத்திடம். ஊருக்குள் இருக்கும் குளம், குட்டை, ஊருணி கிராம ஊராட்சியிடம். சாலைகளிலும் இப்படியே ஊராட்சிச் சாலை, ஒன்றியச் சாலை, நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்று பிரிவு உண்டு. சந்தேகமாக இருந்தால் ஒன்றிய ஆபீஸில் பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பணம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"நிதி இல்லை" என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப் போகும் பதில். பல நேரம் அது உண்மை. சில நேரம், கேட்டவருக்கு எந்த நிதி என்று தெரியாததால் சொல்லப்படும் பதில்.

கிராம ஊராட்சிகள் வழக்கமாக மூன்று கணக்குகள் வைத்திருக்கும். முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி போன்ற சொந்த வருமானமும், மாநில நிதி ஆணையம் வழியாக வரும் மானியமும் இதில் சேரும். இரண்டாவது கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குக் கட்ட வேண்டிய பணத்துக்கும். மூன்றாவது கணக்கு திட்டப் பணிகளுக்கு. மின்கட்டணத்துக்கு என்றே தனிக் கணக்கு வைக்க வேண்டியிருக்கிறது என்பதிலேயே மோட்டாரும் தெருவிளக்கும் ஊராட்சிக்கு எவ்வளவு பெரிய சுமை என்று புரியும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதற்கு வருகிறேன்.

இவை தவிர, ஒன்றிய அரசின், அதாவது மத்திய அரசின், நிதி ஆணைய மானியம் உண்டு. 2021 முதல் 2026 வரைக்கான 15-ஆவது நிதி ஆணையத்தின் கணக்கில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. மழைநீர் சேகரிப்பும் நீர் மறுசுழற்சியும்கூடக் குடிநீர்ப் பங்கில் அடங்கின. மீதி 40 சதவீதத்தை ஊரின் தேவையைப் பார்த்து முடிவு செய்ய முடிந்தது, ஆனால் சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் எடுக்க முடியாது என்று இருந்தது. வாய்க்கால் தூர்ந்து சாக்கடைத் தண்ணீர் தெருவில் நிற்கும் ஊரில் அலங்கார வளைவு கட்டத் தீர்மானம் வந்தால், எந்த நிதியிலிருந்து என்று கேட்க உங்களுக்கு இது போதும்.

இந்தக் கணக்கைப் பார்க்க அலுவலகம் போக வேண்டியதில்லை. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் ஆண்டுத் திட்டமும் செலவு விவரமும் கிடைக்கும். கைப்பேசியில் மேரி பஞ்சாயத் என்ற செயலி இருக்கிறது. கூட்டத்துக்குப் போகும் முன் இதைப் பார்த்து, உங்கள் தெரு சம்பந்தமாக ஏதாவது பணி ஏற்கெனவே திட்டத்தில் இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இருப்பதையே மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்காமல், அது ஏன் தொடங்கவில்லை என்று கேட்கலாம்.

நான்காம் படி: எப்போது போவது

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் 2022-இல் சேர்க்கப்பட்டவை.

எல்லாக் கூட்டத்துக்கும் போவது நல்லது. ஒன்றே ஒன்றுக்குத்தான் போக முடியும் என்றால் அக்டோபர் 2-க்குப் போங்கள். அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அந்த நாளையொட்டித்தான் தொடங்கும். ஏப்ரலுக்குப் பிறகு வந்து சாலை வேண்டும் என்று கேட்டால், திட்டம் ஏற்கெனவே போட்டாயிற்று, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்பார்கள். அது சாக்குப்போக்கு இல்லை, நடைமுறையே அப்படித்தான்.

தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை நடக்கும். 2016-இல் பதவிக்காலம் முடிந்தபின் 2019 டிசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. 2019-இல் தேர்வானவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் அந்த ஊராட்சிகள் மறுபடி தனி அலுவலர்கள், அதாவது தலைவருக்குப் பதிலாக அரசு நியமிக்கும் அதிகாரிகள், கைக்குப் போயின. ஒரு தனி அலுவலருக்குப் பல ஊராட்சிகள் இருக்கும். வீட்டுக்குப் போய்க் கேட்க வார்டு மெம்பர் இல்லாத அப்படிப்பட்ட காலத்தில்தான் கிராம சபைக்குப் போவது இன்னும் அவசியம். உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போடுவது மக்களுக்குச் செய்யும் பெரிய அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அதற்காகக் கூட்டத்தைப் புறக்கணிப்பதால் நட்டம் நமக்குத்தான்.

ஐந்தாம் படி: கோரிக்கையை எழுதுங்கள்

"எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சரியாக வருவதில்லை" என்பது புலம்பல். அதைக் கேட்டுக்கொண்டு, பார்க்கிறோம் என்று சொல்லிவிடலாம். அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"நான்காவது வார்டு, பள்ளிக்கூடத் தெருவின் கடைசியில் உள்ள 18 வீடுகளுக்குக் கடந்த இரண்டு மாதங்களாக மூன்று நாளைக்கு ஒருமுறை, அரை மணி நேரமே தண்ணீர் வருகிறது. தெருமுனையில் உள்ள வால்வு பழுதாகியிருக்கிறது. வால்வை மாற்றவும், கடைசிப் பகுதிக்குத் தனி நேரம் ஒதுக்கவும் கிராம சபை தீர்மானிக்கிறது."

இடம், எத்தனை வீடு, எத்தனை நாள், என்ன காரணம், என்ன செய்ய வேண்டும் என்ற ஐந்தும் இதில் இருக்கின்றன. கடைசி வரியைக் கவனியுங்கள். தீர்மானத்தின் வாசகத்தையே நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். செயலர் அதை அப்படியே புத்தகத்தில் எழுதிக்கொள்ள முடியும். ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது, வீடுதோறும் குடிநீர்க் குழாய் தரும் ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். குடத்தை வைத்து அளந்து பார்த்துவிட்டுப் போனால் உங்கள் பேச்சுக்குப் பலம் கூடும்.

மனுவை இரண்டு படி எடுங்கள். ஒன்றில் தேதியுடன் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் உள்ள பெண்களிடம் கட்டாயம் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் கூட்டத்துக்கும் அழைத்து வாருங்கள். குழாயடியில் நிற்பது அவர்கள்தான். எந்த நாளில் எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது என்று அவர்கள் சொல்லும் கணக்கை யாரும் மறுக்க முடிவதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு உங்கள் ஊரில் நன்றாக இயங்கினால், அவர்கள் வழியாகக் கோரிக்கையைக் கொண்டுபோவது மிகச் சிறந்த வழி.

ஆறாம் படி: கூட்டத்தில்

முதலில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள். குறைந்தபட்ச வருகை இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களைக் கொண்டே இந்த எண்ணிக்கையை நிரப்புவதுண்டு. அவர்களுக்கும் கோரிக்கை இருக்கும், அவர்களும் பேச வேண்டும்.

ஒன்றியத்திலிருந்து ஒரு அலுவலர் பற்றாளராக வந்திருப்பார். அவர் யார், பெயர் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கூட்டம் முறைப்படி நடந்ததா என்று மேலே சொல்ல வேண்டியவர் அவர். பொருள் நிரல் வாசிக்கப்படும், வரவு செலவு படிக்கப்படும். வேகமாகப் படித்தால் நிறுத்தச் சொல்லி, குறிப்பிட்ட ஒரு செலவைக் கேளுங்கள். "மோட்டார் பழுது பார்க்க என்று எழுதியிருக்கிறதே, எந்த மோட்டார்?" என்பது போல. பொதுவாகக் குற்றம் சாட்டினால் கூச்சல்தான் மிஞ்சும். குறிப்பாகக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

உங்கள் முறை வந்ததும் எழுதியதை வாசியுங்கள், கொடுங்கள், தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தீர்மான எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு தீர்மானங்களை எழுதிக்கொள்ளலாம் என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவது நடக்கிறது. எழுதி, வாசித்து, பிறகு கையெழுத்து என்று நிதானமாக, ஆனால் விடாமல் சொல்லுங்கள்.

கூட்டம் நடக்கும் இடமும் முக்கியம். மதம் சார்ந்த எந்த வளாகத்திலும் கிராம சபையை நடத்தக் கூடாது என்று அரசே ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கையில் சொல்கிறது. ஊருக்குள் எல்லோரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். உங்கள் ஊராட்சியில் எப்போதும் ஒரே பக்கத்தில்தான் கூட்டம் நடக்கிறது, ஆதிதிராவிடர் குடியிருப்புக்கும் தள்ளியிருக்கும் குக்கிராமங்களுக்கும் ஒருமுறைகூட வரவில்லை என்றால், அடுத்த கூட்டத்தை அங்கே நடத்தக் கேளுங்கள். புதிதாகக் குடிவந்தவர் கேட்டால் அதற்கு ஒரு தனி மதிப்பு உண்டு.

ஏழாம் படி: நாளைக்கும் நிற்கிற வேலையைக் கேளுங்கள்

ஐ.நா. 2015-இல் வகுத்த 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஊராட்சி அளவுக்கு ஏற்றபடி ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கி, ஆண்டுத் திட்டத்தை அதற்கேற்பப் போடச் சொல்கிறது ஒன்றிய அரசின் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம். நீர் தன்னிறைவு, தூய்மையும் பசுமையும், குழந்தை நேய ஊராட்சி என்று அந்தப் பட்டியல் போகும். தாளில் இது வெறும் வார்த்தையாக நிற்கிறது. ஊரில் இதற்குப் பொருள் கொடுக்க வேண்டியது கிராம சபை.

எடுத்துக்காட்டாக, கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றினால் எல்லோரும் கேட்பது இன்னொரு ஆழ்துளைக் கிணறு. கிடைக்கும். சில ஆண்டில் அதுவும் வற்றும். அதோடு சேர்த்து, குட்டைக்கு வரும் வரத்துக் கால்வாயின் அடைப்பை நீக்கவும், குட்டையைத் தூர்வாரவும், கிணற்றுக்குப் பக்கத்தில் நீர் செறிவூட்டும் குழி அமைக்கவும் ஒரே தீர்மானத்தில் கேளுங்கள். அரசு பட்டியலிட்ட நீர்நிலைகளில் வண்டல் மண்ணை விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. உங்கள் குளம் அந்தப் பட்டியலில் இல்லை என்றால் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். மழைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை, ஆகவே மார்ச் 22 கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

மின்கட்டணத்துக்கு வருவோம். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி இந்தச் சுமையை வேறு விதமாக எதிர்கொண்டது. 1996 முதல் பத்து ஆண்டுகள் தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் காலத்தில், முதலில் மரக்கழிவை எரிவாயுவாக்கித் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை ஓட்டினார்கள். பிறகு 2006-இல் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, ஏறத்தாழ 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே நிறுவியது. ஊரின் தேவைக்குப் போக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எல்லா ஊராட்சியாலும் காற்றாலை வைக்க முடியாது. ஆனால் மின்கட்டணத்தைக் கிராம சபையில் விவாதப் பொருளாக்க எந்த ஊராலும் முடியும். எரிந்துகொண்டே இருக்கும் பகல் விளக்கு, நாள் முழுக்க ஒழுகும் குழாய், தொட்டி நிரம்பி வழிந்தும் ஓடும் மோட்டார் ஆகிய மூன்றையும் சரிசெய்யச் சொல்லி ஒரு தீர்மானம் போட்டாலே அடுத்த பில்லில் வித்தியாசம் தெரியும்.

குப்பையில் நம் பங்கு பெரிது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தால்தான் தூய்மைக் காவலர் அதை உரமாக்க முடியும். கலந்து கொடுத்தால் அது ஏரிக்கரையில் கொட்டி எரிக்கப்படும், அந்தப் புகை நம் வீட்டுக்கே வரும். அவர்களுக்குக் கையுறையும் காலணியும் தரப்படுகிறதா, சம்பளம் மாதாமாதம் போகிறதா என்று கிராம சபையில் கேளுங்கள். இதை அவர்களே கேட்பது கடினம்.

தொட்டியின் மேல் கடைசியாகச் சுத்தம் செய்த தேதி எழுதியிருக்கும். மாதம் இருமுறை சுத்தம் செய்ய வேண்டும். எழுதவில்லை என்றாலோ தேதி பழையதாக இருந்தாலோ படம் எடுத்து வையுங்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். அதைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம்.

எட்டாம் படி: கூட்டம் முடிந்த பிறகு

ஒரு வாரம் கழித்துச் செயலரைப் பார்த்து, தீர்மானம் ஒன்றியத்துக்கு அனுப்பப்பட்டதா, மதிப்பீடு தயாரிக்க வேண்டிய வேலை என்றால் பொறியாளரிடம் போனதா என்று கேளுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள். ஊராட்சிச் செயலர் ஒருவர் கையில் பத்துப் பதிவேடுகளும் ஏழெட்டுச் செயலிகளும் இருக்கும். மரியாதையாக, ஆனால் தவறாமல் வந்து கேட்பவரை அவர் மறக்க மாட்டார்.

அசையவில்லை என்றால் வரிசையாக மேலே போகலாம். ஊரக உள்ளாட்சிப் புகார்களுக்கான ஊராட்சி மணி 155340, முதல்வரின் உதவி மையம் 1100. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்பதால் அங்கே கொடுக்கும் மனுவுக்கு எடை உண்டு. எந்த மனுவிலும் தீர்மான எண்ணையும் தேதியையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

தீர்மான நகலோ வரவு செலவு விவரமோ தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய்க்கு நீதிமன்ற முத்திரை வில்லை ஒட்டி, ஒன்றிய ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "என்ன ஊழல் நடந்தது" என்று கேட்டால் பதில் வராது. "2024 அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தின் நகல்", "இன்ன பணியின் அளவுப் புத்தக (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நகலுக்குப் பதில் ஆவணங்களை நேரில் போய்ப் பார்வையிடவும் அந்தச் சட்டத்தில் உரிமை உண்டு. அளவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும் நீள அகலத்தைத் தெருவில் டேப் வைத்து அளந்து பார்க்க இரண்டு பேர் போதும். வித்தியாசம் இருந்தால் அடுத்த கிராம சபையில் அந்த இரண்டு எண்களையும் வாசித்து, அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.